திருகோணமலை பஸ் நிலையத்தை நகருக்கு வெளியே கொண்டுபோனால் நெரிசல் தீருமா?

2024 பெப்ரவரி 4 (ஓர்ஸ்ஹில் வாசகர் ஒருவரின் கேள்வி)

காலை ஏழு மணிக்குப் பிறகு அனுராதபுரச் சந்தியில் சிக்கினால், பாடசாலை மணி அடித்த பிறகுதான் பிள்ளையை இறக்க முடிகிறது. ஊர் நிலாவெளிப் பக்கமும் கன்னியாப் பக்கமும் வளர்ந்துகொண்டே போகிறது. வீதி மட்டும் அதே வீதி. மத்திய பஸ் நிலையத்தை அபயபுரத்துக்குக் கொண்டுபோய், வடகரை வீதியை நான்கு தடமாக அகலித்தால் பிரச்சினை முடிந்தது என்கிறேன். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லட்டும்.

பெப்ரவரி 4, இரவு (என் பதில்)

பஸ் நிலையம் பற்றிச் சொன்னது சரி. அகலிப்பது பற்றிச் சொன்னது தவறு.

நான் நிலாவெளிப் பக்கத்துச் சாம்பல்தீவில் இருப்பவன். இருபது வருடத்துக்கு மேல் அங்கிருந்து பட்டினத்துக்கு வேலைக்கு வந்து போனேன். முதலில் பஸ், பிறகு மோட்டார் சைக்கிள், இப்போது முழங்கால் காரணமாக மறுபடியும் பஸ். ஆகவே இரண்டு பக்கத்தின் கோபமும் எனக்குத் தெரியும்.

நம்முடைய பட்டினம் ஒரு கழுத்து. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் துறைமுகம். நிலாவெளி, கன்னியா, கண்டி வீதி எல்லாம் கடைசியில் அந்தக் கழுத்துக்குள்தான் வந்து விழ வேண்டும். வெளியே நான்கு தடம் போடுவது புனலின் வாயைப் பெரிதாக்குவது. போத்தலின் கழுத்து அதனால் பெரிதாகாது.

பெப்ரவரி 6

வாயால் பேசிக்கொண்டிருக்காமல் இன்று காலை சந்தியில் ஒரு தேநீர்க் கடை வாங்கில் கொப்பியோடு உட்கார்ந்தேன். ஏழு முதல் எட்டு வரை பட்டினத்துக்குள் போனவற்றுக்குக் கோடு போட்டேன். பாதிப் பக்கத்தை மோட்டார் சைக்கிள்களே நிரப்பிவிட்டன. தகப்பன் ஓட்ட, முன்னால் தாங்கியில் ஒரு பிள்ளை, பின்னால் புத்தகப்பையோடு ஒரு பிள்ளை. அடுத்தது ஆட்டோ. அதற்கடுத்தது பாடசாலை வான். பஸ்ஸுக்கு நான் ஒதுக்கியிருந்த பத்தியில் கோடுகள் எண்ணும்படி இருந்தன, ஒரு கை விரல் கொஞ்சம் போதவில்லை.

பஸ்தான் வழியை அடைக்கிறது என்று நானும் நம்பித்தான் போனேன். இல்லை. அந்த ஒரு மணித்தியாலத்தில் மிகக் குறைந்த இடத்தில் மிக அதிக ஆட்களை ஏற்றிப் போனது பஸ்தான். ஒரு பஸ் நிற்கும்போது பின்னால் ஹோர்ன் அடிக்கும் பத்து வாகனத்தில் இருப்பவர்களை எல்லாம் கூட்டினாலும் அதன் ஆசனங்கள் முழுவதும் நிறைவது சந்தேகம்.

பெப்ரவரி 7

நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம். பச்சை ஆட்டோ ஒன்றை மூன்று முறை எண்ணியிருக்கிறேன். ஆள் தேடிச் சந்தியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்காரர்தான் சொன்னார்: "ஐயா, அவன் போகிறவன் இல்லை, சுற்றுகிறவன்." ஆனால் யோசித்தால் அந்த ஆட்டோ மூன்று முறையும் வீதியில் இடம் பிடித்ததுதானே. கோட்டை அழிக்கவில்லை.

பெப்ரவரி 18

பஸ் நிலையத்தை அபயபுரத்துக்கு அனுப்பலாம் என்று நான் ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெறுகிறேன். காரணம் ஒரு மீன்பெட்டி.

முந்தாநாள் காலை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர். காலுக்கிடையில் நீல நிற றெஜிபோம் பெட்டி, மூடியைச் சுற்றிச் சைக்கிள் ரியூப்பால் கட்டு. கட்டின் இடுக்கில் ஐஸ் தண்ணீர் கசிந்து என் செருப்புவரை வந்துவிட்டது. பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே தன் சேலைத் தலைப்பால் தண்ணீரைத் துடைத்துவிட்டு, "சூடை மீன்தான் தம்பி, மணக்காது" என்றார். மணத்தது, அது வேறு விஷயம்.

நிலையத்தில் இறங்கியதும் பெட்டியை நடத்துநரும் நானும் இறக்கிக் கொடுத்தோம். அவர் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு நடந்தார். நான் இரண்டு தாள் நிழற்பிரதி எடுத்துவிட்டுக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) நடந்தேன். எங்களோடு இறங்கியவர்களில் ஆட்டோ பிடித்த ஒருவரையும் காணவில்லை. சந்தை, வங்கி, நீதிமன்றம், பாடசாலைகள் எல்லாம் நடக்கும் தூரம். இந்தச் சின்னப் பட்டினத்துக்குக் கடவுள் கொடுத்த வசதி அது.

நிலையம் அபயபுரத்தில் இருந்தால் அந்த அம்மா என்ன செய்வார்? பெட்டிக்கு ஒரு ஆட்டோ. எனக்கு ஒரு ஆட்டோ. வங்கிக்குப் போனவருக்கு ஒன்று. ஒரு பஸ்ஸை நகருக்கு வெளியே நிறுத்தி, அதற்குப் பதிலாக இருபது ஆட்டோவை உள்ளே அனுப்பியிருப்போம். மீன் விற்ற காசில் பாதி ஆட்டோவுக்குப் போயிருக்கும்.

கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் போகும் தூரப் பஸ்கள் வெளியே மணிக்கணக்கில் தரித்து நிற்கட்டும், நேரத்துக்கு உள்ளே வந்து ஏற்றிப் போகட்டும். அது வேறு. தரிப்பதும் ஏற்றுவதும் ஒன்றல்ல. நான் இதுவரை இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 3

"யாரிடம் போய்ச் சொல்வது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, அழுகை வரும் கேள்வி.

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சமுள்ள ஒழுங்கைகள் உள்ளூராட்சிச் சபைக்கு. சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையினுடையது. தனியார் பஸ் மாகாணத்துக்குள் ஓடினால் அனுமதி கொடுப்பது மாகாணப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாணத்தைத் தாண்டினால் கொழும்பிலுள்ள தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சந்தியில் கை காட்டுவது பொலிஸ்.

இதற்கு மேல் எல்லை வேறு. பட்டினம் ஒரு சபை, "பட்டினமும் சூழலும்" இன்னொரு சபை. பெயரிலேயே கதை இருக்கிறது பாருங்கள். வளர்வது சூழல், நெரிவது பட்டினம். வீடு கட்ட அனுமதி கொடுப்பவர்கள் ஒரு பக்கம், அந்த வீட்டிலிருந்து புறப்படும் மோட்டார் சைக்கிளைத் தாங்குபவர்கள் இன்னொரு பக்கம்.

கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது, அதன்பின் தேர்தல் இல்லை. உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. ஆகவே இன்று, 2024 மார்ச்சில், உங்கள் வாக்குக்குப் பயந்து ஒரு பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை போடக்கூடிய ஆள் இந்தச் சபைகளில் ஒருவரும் இல்லை. அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதலாம். நான் மூன்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 3, சற்றுப் பிறகு

ஒரு கடிதத்துக்குப் பதில் வந்தது. உரிய திணைக்களத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம். உரிய திணைக்களம் எது என்று எழுதவில்லை.

ஏப்ரல் 11

பேச்சு வீதியிலேயே நிற்கிறது. தண்ணீரை யாரும் நினைக்கவில்லை.

மூதூர் இங்கிருந்து நேரே எதிரே, கொட்டியாரக் குடாவின் அக்கரையில். என் தகப்பனார் மூதூரில் படிப்பித்தவர். திங்கள் விடிய லோஞ்சில் (மோட்டார் படகில்) போவார், வெள்ளி மாலை லோஞ்சில் வருவார். ஜெற்றியில் அவருக்காகக் காத்திருப்பது என் வேலை. வாடைக் காலத்தில் அலை பலகைக்கு மேலே அடிக்கும். லோஞ்சிலிருந்து இறங்குபவர்கள் முகத்தில் உப்புப் பூத்திருக்கும், அப்பா முதலில் மூக்குக்கண்ணாடியைத்தான் துடைப்பார். தரை வழியென்றால் கிண்ணியாவில் ஒரு பாதை, பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாதை மாறிப் பாதை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே பாதை என்றால் வீதி அல்ல, வாகனத்தையும் ஆளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை.

2011இல் கிண்ணியாப் பாலம் வந்தது, 396 மீற்றர். அதோடு பாதைகள் போயின, லோஞ்சின் முக்கியத்துவமும் போயிற்று. பாலம் வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்ல. ஆனால் பாலம் வந்ததும் குடாவைச் சுற்றிக்கொண்டு வருபவர்கள் எல்லோரும் சீனன்குடாப் பக்கத்தால் அதே கழுத்துக்குள்தான் நுழைகிறார்கள், எரிபொருள் பவுசருக்கும் மாவு லொறிக்கும் பின்னால். நேரே ஜெற்றியில் இறங்கினால் பட்டினத்தின் நடுவில் இறங்கியிருப்பார்கள்.

ஏப்ரல் 12

திருத்தம். கிண்ணியாவிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், நியாயமான கோபம். பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். 2011 என்பது மட்டக்களப்பு வரையான ஏ-15 வீதி மற்றப் பாலங்களோடு முழுமையான ஆண்டு. நான் இரண்டையும் கலந்துவிட்டேன்.

அவர் இன்னொன்றும் சொல்கிறார்: "தண்ணீர்ப் பயணத்தை இவ்வளவு ஆசையாக எழுதும் நீங்கள் குறிஞ்சாக்கேணியை மறந்துவிட்டீர்கள்." மறக்கவில்லை, எழுதத் தயங்கினேன். 2021 நவம்பர் 23 காலை, பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் மாற்றாக விட்ட பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் செத்தார்கள். ஒரு பாலத்தைக் கட்டுவதென்றால், கட்டி முடியும்வரை ஆட்கள் எப்படிக் கடப்பார்கள் என்பதும் அந்த வேலையின் பகுதி. அதை வரைபடத்தில் ஒரு புள்ளிக்கோடாகப் போட்டுவிட்டு விட முடியாது.

லோஞ்ச் பற்றி நேற்று எழுதியதில் பாதி என் சிறு வயது பேசியது. ஒப்புக்கொள்கிறேன். மிதப்பு அங்கி, ஏற்றும் அளவு, வாடைக் காலத்தில் நிறுத்தும் விதி இவை இல்லாமல் லோஞ்ச் வேண்டாம்.

மே 26

மான்கள் பற்றி யாரும் பேசாதது ஆச்சரியம். நகருக்குள் புள்ளிமான் உலவும் ஊரில் வீதித் திட்டம் போடுபவர்களின் வரைபடத்தில் ஒரு மானைக்கூட நான் காணவில்லை. பகலில் கோட்டைப் பக்கம் நிழலில் நிற்கும். இரவில் காபட் வீதி சூடாக இருக்கிறதென்று நடு வீதியில் வந்து படுக்கும். பத்து மணிக்கு மேல் டொக்யாட் வீதியில் வந்தால் முதலில் தெரிவது கண்கள்தான்.

நேற்று ஒரு கிடா மஞ்சள் கோட்டுக் கடவைக்கு முன்னால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, வான் ஒன்று நின்ற பிறகு கடந்தது. பின்னாலேயே ஒரு மனிதர் கோட்டுக்குப் பத்து அடி தள்ளித் தொலைபேசியைப் பார்த்தபடி குறுக்கே ஓடினார்.

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. மானுக்காக வேகத்தைக் குறைக்கும் ஊர் வேகம் குறைந்த ஊர்தான். அகலித்த வீதியில் ஓட்டுநர் வேகத்தைக் கூட்டுவார், மான் படுக்கும் இடத்தை மாற்றாது.

ஜூன் 30

இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன்.

என் தங்கையின் மகள் பட்டினத்தில் ஒரு பாமசியில் வேலை செய்கிறாள். காலையில் பஸ்ஸில் போவாள், அதில் ஒரு குறையும் இல்லை, ஆசனம்கூடக் கிடைக்கும். பாமசி மூடுவது இரவு எட்டுக்கு. எங்கள் பக்கம் போகும் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். எப்போது போகும் என்று கேட்காதீர்கள். ஏழு என்பார்கள், ஏழேகால் என்பார்கள், ஆள் சேர்ந்தால் ஆறு ஐம்பதுக்கே புறப்பட்டுவிடும். மாதக்கணக்கில் தம்பி வந்து ஏற்றிப் போனான். அவனுக்கு வகுப்பு தொடங்கியது. ஆட்டோவுக்குக் கொடுத்துப் பார்த்தாள், சம்பளம் போதவில்லை. போன வாரம் லீசிங்கில் ஒரு ஸ்கூட்டி எடுத்துவிட்டாள்.

இப்போது என்ன நடக்கிறது? இரவுக்காக வாங்கிய ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டுக் காலையில் பஸ்ஸிலா போவாள்? காலையிலும் அதிலேதான் போகிறாள். அனுராதபுரச் சந்தியில் ஏழேமுக்காலுக்கு நின்று ஹோர்ன் அடிப்பவர்களில் அவளும் ஒருத்தி. "மாமா, சந்தியில் சரியான நெரிசல்" என்று எனக்கே சொல்கிறாள்.

காலை நெரிசலை உண்டாக்குவது காலை அல்ல, முந்தின இரவு ஓடாத பஸ். சந்தியில் நான் கோடு போட்ட மோட்டார் சைக்கிள்களில் எத்தனை இப்படி வாங்கப்பட்டவை என்று யாரும் கேட்டதில்லை. வீதியை எத்தனை அடி அகலிக்கலாம் என்று மட்டும் நாடா பிடிக்கிறார்கள்.

ஆள் சேரும்வரை நிற்பது இன்னொரு நோய். கணக்கு எளிது. இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால், நேரம் பார்க்காமல் தரிப்பிடத்துக்கு வருபவர் சராசரியாகப் பத்து நிமிடம் நிற்பார். அதே பஸ்கள் ஒன்றுக்காக ஒன்று நின்று, பிறகு போட்டி போட்டு இரண்டும் சேர்ந்தே ஓடி வந்தால், இடைவெளி நாற்பதாகிவிடும். சராசரிக் காத்திருப்பு இருபது. பஸ் எண்ணிக்கை மாறவில்லை, டீசல் மாறவில்லை, நடத்துநரின் வியர்வை மாறவில்லை. காத்திருப்பு மட்டும் இரட்டித்துவிட்டது. இணைந்த நேர அட்டவணை என்று சிவப்புப் பஸ்ஸையும் தனியாரையும் ஒரே பலகையில் எழுதும் பேச்சு இந்நாட்டில் பழையது. எழுதுவது சுலபம். ஏழு மணிக்கு ஆறு பேரோடு புறப்படச் சொல்லி விசில் ஊதும் நேரக்காப்பாளருக்குத்தான் முதுகெலும்பு வேண்டும்.

ஓர்ஸ்ஹில் தம்பி, நான்கு தடத்துக்கு நீங்கள் கேட்கும் காசில் ஒரு சிறு பங்கை எட்டரை மணிப் பஸ்ஸுக்குக் கொடுங்கள்.

ஜூலை 1

"வெறும் பஸ் ஓட்டும் நட்டத்தை யார் தருவார்?" இப்படித்தான் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் தரமாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2

பிழை. தருகிறார்கள். தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிசு செரிய, வருமானம் போதாத கிராமத் தடங்களுக்குக் கெமி செரிய, இரவுக்கு நிசி செரிய என்று மூன்று இருக்கின்றன. கட்டணம் போதாத ஓட்டத்துக்கு அரசு பணம் கொடுத்து ஓட்டுவிக்கும் ஏற்பாடு. நமக்குத் தெரிந்தது சிசு செரிய மட்டும், அதுவும் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதால்.

ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். இருப்பதைக் கேட்க வேண்டும். நான்காவது கடிதம் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 15

தண்டவாளம் பற்றி ஒருவர் நீளமாக எழுதியதற்குப் பதில். சரிதான், திருகோணமலையிலிருந்து சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய் என்று ரயில்பாதை கல்லோயாவரை கிடக்கிறது, 1927இலிருந்து கிடக்கிறது. அதில் ரயில் போய் வரும் நேரம் தவிர மிச்ச நேரமெல்லாம் ஆடு மேய்கிறது. இரண்டு பஸ்ஸை முதுகோடு முதுகு ஒட்டி இரும்புச் சில்லு பூட்டிய ரயில்பஸ் இந்நாட்டில் ஓடிய பொருள்தான். காலையில் கந்தளாயிலிருந்து ஒன்று, மாலையில் திரும்ப ஒன்று விட்டால் கண்டி வீதிக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் நிலாவெளிப் பக்கத்துக்குத் தண்டவாளம் இல்லை. ஊர் வளர்வதோ அந்தப் பக்கமும்தான். இது பாதி மருந்து.

நவம்பர் 24

மழை. வீட்டு வாசலில் நின்று எழுதுகிறேன், ஏனென்றால் வாசலைத் தாண்ட முடியாது.

எங்கள் ஒழுங்கைக்கு இந்த வருடம் கொங்கிறீட் போட்டார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம், அளவெடுக்க வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தோம். பழைய வீதியைக் கிளறாமல் மேலேயே கொட்டிவிட்டார்கள். வீதி முற்றத்தைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது. முன்பு முற்றத்துத் தண்ணீர் வீதிக்குப் போகும், இப்போது வீதித் தண்ணீர் முற்றத்துக்கு வருகிறது. வடிகான் போடுவது வேறொரு திணைக்களத்தின் வேலையாம். பக்கத்து வீட்டுப் பெடியன் படியில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக் காட்டினான். சிரித்தோம், வேறென்ன செய்ய.

தரிப்பிடத்தில் நிலை இன்னும் மோசம். வீதி அழகாகக் காபட், பஸ் நிற்கும் இடம் சேறு. ஏறுபவர்கள் சேற்றுக்குப் பயந்து வீதியில் நிற்கிறார்கள், பஸ் அவர்களுக்குப் பயந்து நடு வீதியில் நிற்கிறது, பின்னால் எல்லாம் நிற்கிறது. நெரிசலுக்குக் காரணம் பஸ் என்று சொல்லிவிட்டு எல்லோரும் போகிறார்கள். ஒரு லோட் கிறவல் போட்டால் தீரும்.

டிசம்பர் 8

நான்காவது கடிதத்துக்குப் பதில் இல்லை. ஆனால் வேறொன்று நடந்தது.

நிலாவெளிப் பக்கம் ஓடும் ஒரு பஸ் உரிமையாளர், நான் நிலையத்தில் வைத்துப் பல நாள் தொல்லை கொடுத்தவர், ஒரு மாதம் எட்டேகாலுக்கு ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். மட்டையில் நீல மையால் நேரம் எழுதி நிலையத்துத் தூணில் கட்டியிருக்கிறது. 8.10 என்று எழுதி வெட்டி 8.15.

நேற்று அதில் வந்தேன். நான், பாடசாலைக் காவலாளி ஒருவர், இரண்டு ஹோட்டல் பெடியன்கள், வெறும் மீன்பெட்டியோடு ஒரு அம்மா (அன்றைய அம்மா அல்ல, வேறொருவர்). சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. நடத்துநர் ஐந்து டிக்கெட்டையும் கிழித்துவிட்டு, "ஐயா, இதுதான் நீங்கள் கேட்ட கூட்டமா?" என்றார். ஒரு மாதம் போகட்டும் என்றேன்.

அலஸ்தோட்டம் தாண்டும்போது ஒரு ஸ்கூட்டி எங்களை முந்திப் போனது. தங்கையின் மகள். என்னை யன்னலில் கண்டு கையசைத்தாள். லீசிங் முடிய இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது.